சொதிப் பக்கத்தில் நிற்கும் வரிகள்

அக்கா,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொதி திரைந்துவிட்டது.

அடுப்பில் தேங்காய்ப்பால் கொதி வருகிற நேரம். ஒரு கையில் அகப்பை. கைப்பேசியை வழக்கம்போலச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். ஒரு பார்வை பார்ப்பது, அதில் சொன்ன வேலையைச் செய்வது, மறுபடி பார்ப்பது, அடுத்த வேலை. இத்தனை காலமாக நீங்கள் எழுதிய சமையல் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படித்தான் சமைக்கிறேன். அன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் பக்கம் முழுவதும் ஒரே பத்தியாகக் கிடந்தது. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், முதற்பால், இறக்குவது, புளி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், எது முடிந்தது எது அடுத்தது என்று தெரியவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினேன். "தேசிக்காய்ப் புளி விடவும்" என்பது கண்ணில் பட்டது. எலுமிச்சையைப் பிழிந்துவிட்டேன். அதற்கு முன்னால் "அடுப்பிலிருந்து இறக்கவும்" என்று இருந்தது கண்ணில் படவில்லை. கொதிக்கிற பாலில் புளி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டியும் தண்ணீரும் தனித்தனியாக நின்றன.

சாப்பிட்டுவிட்டேன். கொட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் சாப்பிடும்போது, இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. இந்த விஷயத்தில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மசாலா அரவைக் கடையை விற்கிறேன். மகன் சிங்கப்பூரிலேயே நிலைத்துவிட்டான். மிளகாய்த் தூசியில் வந்து நிற்க அவனுக்கு விருப்பமில்லை. குறை சொல்ல மாட்டேன். நானும் ரப்பர் மரத்தடியில் நிற்கக்கூடாது என்றுதான் தோட்டத்தை விட்டுக் குளுவாங் டவுனுக்கு வந்தவன். வாங்குகிறவர் பத்து பாகாட் ஊரில் மூன்று கடை வைத்திருக்கிறார். நம் இணையத்தளத்தைத் தம்முடைய தளத்தோடு சேர்க்க நாள் பிடிக்கும் என்றார். கையெழுத்துக்கு முன்னாலேயே அந்த வேலையைத் தொடங்கச் சம்மதித்தேன். அவருடைய ஆட்கள் உங்கள் பக்கங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் அங்கே வைத்தார்கள். போகிற வழியில் ஒரு துப்புரவு நிரல் அவற்றைச் சுத்தம் செய்ததாம். வரியின் கடைசியில் நீங்கள் விட்டிருந்த வெற்று இடங்கள், தனி வரி முறிவுகள், எல்லாம் வேண்டாத குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டது. பழைய தளத்தையும் மூடிவிட்டார்கள். எழுத்தெல்லாம் இருக்கிறது. வரிதான் இல்லை.

நீங்கள் முதன்முதலாகக் கடைக்கு வந்தது மல்லி அரைக்க. பொடியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு தும்மல் போட்டீர்கள்.

"எனக்கு முதல் மிளகாய் அரைச்சனீங்களோ, தம்பி?"

"அரிசி போட்டு ஓட்டிட்டுத்தான் அரைச்சேன் அக்கா."

"அப்ப அந்த அரிசிதான் தும்முது போல."

மறுபடியும் ஒரு பிடி அரிசியைப் போட்டு இயந்திரத்தை ஓட்டிச் சுத்தம் செய்தேன். காத்திருந்த நேரத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கணினியில் நான் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்கள். ஜோகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போய்விட்ட நம் ஆட்களுக்கு, எங்கள் பொடியை வைத்து எப்படிச் சமைப்பது என்று இணையத்தில் எழுதிப் போட்டால் வியாபாரம் நடக்கும் என்பது என் கணக்கு. கணக்கு சரி. எழுத வரவில்லை. "தள்ளுங்கோ" என்று சொல்லி உட்கார்ந்தீர்கள். அரசாங்க அலுவலகத்தில் ஓய்வு பெறும் வரைக்கும் தட்டச்சு செய்த கை. நான் காப்பி வாங்கிக்கொண்டு வருவதற்குள் பக்கம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு பக்கம். மீன் கறி, பருப்பு, ஆட்டிறைச்சிப் பிரட்டல். சொதியைப் பற்றி நீங்கள் எழுதியபோது, "இது என்னக்கா, தண்ணிக் குருமாவா?" என்று கேட்டேன்.

"உங்கட சாம்பாரை எங்கட வீட்டில என்னெண்டு சொல்லுவம் தெரியுமோ? வேண்டாம். நான் அரசாங்க உத்தியோகம் பார்த்தவள். வாய் திறக்க மாட்டன்."

இலங்கைத் தமிழர் வீடு என்றால் என் தலைமுறையில் தோட்டத்து ஆட்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருவோம். உங்களிடம் அந்தத் தயக்கம் எனக்கு எப்போது போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தச் சாம்பார் வார்த்தையில்தான் என்று நினைக்கிறேன்.

வரிச் சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. தட்டச்சு இயந்திரத்தில் ஓரம் வந்ததும் மணி அடிக்கும், நீங்கள் அடுத்த வரிக்குத் தள்ளுவீர்கள். கணினியில் மணி இல்லை. ஆனால் உங்கள் காதில் அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் விசையைத் தட்டிவிடுவீர்கள். கடைக் கணினியில் பார்த்தால் வேட்டிக்கரை போல நேராக இருக்கும். கைப்பேசியில் திறந்தால் திரை சின்னது. உங்கள் வரி பாதியில் மடங்கி, மிச்சம் இரண்டு சொல் அடுத்த வரியில் தொங்கி, அதற்குக் கீழே மறுபடியும் முழு வரி, மறுபடியும் ஒரு தொங்கல். சிங்கப்பூர்ப் பாலத்தில் பேருந்து நகராமல் நின்ற நேரத்தில் படித்த ஒரு வாடிக்கையாளர் எனக்குக் கூப்பிட்டார். "பாஸ், மசாலா விக்கிறீங்களா, புதுக்கவிதை எழுதுறீங்களா? ஒண்ணைச் சொல்லுங்க லா."

உங்களிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது.

"கடதாசிக்கு ஓரம் இருக்கு. எங்க முடியுதெண்டு எனக்குத் தெரியும். உங்கட போனுக்கு ஓரம் எங்க இருக்கு, சொல்லுங்கோ பார்ப்பம்?"

"ஆளுக்கு ஒரு ஓரம் அக்கா. என் போன் ஒரு அகலம், அவர் போன் ஒரு அகலம். அவங்க சட்டைக்கு நாம எப்படி அளவெடுக்கிறது?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். மறுநாள் வந்து, உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னீர்கள்: "சரி. வரி எங்க முடியிறதெண்டு படிக்கிறவன்ர போன் தீர்மானிக்கட்டும். எனக்கென்ன." அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஒரு வாழ்நாள் முழுக்க ஓரத்தைக் காத்த கை அது.

தளத்தை அமைத்துத் தந்தவரிடம் சொன்னோம். ஏதோ ஒன்றைத் திருப்பினார். நீங்கள் தட்டிய எண்டரை எல்லாம் நிரல் மதிக்காமல் விட்டுவிடும், ஒரு வரி முழுதாக வெற்றாக விட்டால் மட்டும் புதுப் பத்தி என்றார். பழைய பக்கங்கள் எல்லாம் ஒரே நொடியில் எந்தக் கைப்பேசியிலும் அழகாக ஓடின. நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன். நீங்களும் சந்தோஷமாகக் குடித்தீர்கள்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரமே முடிந்தது. பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிற ஒருவர், கூட இருக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வைத்திருக்கிறார். நீங்கள் பொருட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, பெயர் முன்னால், எண் பின்னால் எழுதியிருந்தீர்கள். மிளகாய்த்தூள் 2, மல்லித்தூள் 4, சீரகம் 1. வரிகள் ஒட்டிக்கொண்டதில் இடையில் காற்புள்ளிகூட இல்லை. அவர் முதல் பெயரை விட்டுவிட்டு, எண்ணை அடுத்த பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டார். இரண்டு மல்லி, நான்கு சீரகம்.

"அலமாக் அண்ணே, கோழியக் காணோம், சீரகம்தான் இருக்கு! பசங்க என்னைத் துரத்துறானுங்க!"

நீங்கள் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "எல்லா வரியும் ஒரே சாதி இல்லைத் தம்பி," என்றீர்கள். "ஓடுற வரி இருக்கு, நிக்கிற வரி இருக்கு. கதை சொல்லுற இடத்தில ஓடட்டும். சாமான் சொல்லுற இடத்தில, வேலை சொல்லுற இடத்தில, நிக்கவேணும்."

அதற்கும் வழி இருந்தது. வரியின் கடைசியில் இரண்டு வெற்று இடம் விட்டால் அந்த வரி அங்கேயே முறியும் என்றார் தளக்காரர். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"கண்ணுக்குத் தெரியாத சரக்கை நம்பி எப்படிக்கா வியாபாரம் பண்றது? நாளைக்கு யாராச்சும் தெரியாம அழிச்சிட்டா?"

"உப்புக் கரைஞ்ச பிறகு தெரியுதோ? இருக்கெண்டுதானே சாப்பிடுறீங்கள்."

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு நான் கேட்டதும் சரிதான் அக்கா. நீங்கள் சொன்னதும் சரிதான்.

என் மனைவி தவறிய பிறகு நான் மூன்று வேளையும் வெளியில்தான். சாப்பாட்டுக் கடையில் கட்டி வாங்கிய தாப்பாவ் பொட்டலத்தைக் கல்லாவிலேயே பிரித்துச் சாப்பிடுவேன். அதைப் பார்த்து ஒருநாள் கேட்டீர்கள்: "ஊருக்கெல்லாம் மசாலா விக்கிறீங்கள், உங்கட வீட்டு அடுப்பு பத்துதோ?" பத்தவில்லை என்றேன். அன்றிலிருந்து பக்கங்களை எழுதிக் கடைக் கணினியில் பார்ப்பதை விட்டுவிட்டு, என் கைப்பேசியை வாங்கி அதில் பார்க்கத் தொடங்கினீர்கள். பழைய போன், திரை ஓரம் கீறல், இந்த ஊரிலேயே அதைவிடச் சின்னத் திரை யாரிடமும் இருந்திருக்காது. ஒரு வரி அதில் மடங்கினால் சொல்லைக் குறைப்பீர்கள். இன்னும் மடங்கினால் இன்னொரு சொல்லைத் தூக்குவீர்கள். "நன்றாக" போகும், "பிறகு" போகும், "வெங்காயம் வதக்கவும்" மட்டும் நிற்கும். புதுப் போன் வாங்குகிறேன் என்றால் விடமாட்டீர்கள். "இதில மடங்காட்டா உலகத்தில ஒருத்தற்ற போனிலயும் மடங்காது. வச்சிருங்கோ."

ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும், படிக்கிறவன் தேடிப் பிடித்துப் படித்துக்கொள்ள மாட்டானா என்று கேட்டேன். பையை மூடிக்கொண்டே சொன்னீர்கள்.

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டில ஒருத்தர் வாசிப்பினம், ஒருத்தர் கிண்டுவினம். தனியச் சமைக்கிறவனுக்கு வாசிச்சுச் சொல்ல ஆர் இருக்கினம்? அவன் தலையைத் திருப்பினா வரி அந்த இடத்திலயே நிக்கவேணும்."

நீங்களும் தனியாகத்தான் இருந்தீர்கள். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நீங்கள் உங்கள் வீட்டிலும் நான் என் வீட்டிலும் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, மறுநாள் கடையில் வந்து உப்பு கூடியதா குறைந்ததா என்று சண்டை போட்டோம். இவ்வளவுதான் நமக்குள் இருந்தது. இவ்வளவு இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

உடம்புக்கு முடியாமல் நீங்கள் பத்து பாகாட்டில் தங்கை வீட்டுக்குப் போனீர்கள். அங்கேயிருந்தும் இரண்டு பக்கம் அனுப்பினீர்கள். பிறகு செய்திதான் வந்தது. அன்றைக்கு நான் வந்தேன் அக்கா, உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடை வேனில் வந்தேன், வேறு வண்டி எனக்கு ஏது. வேனின் பக்கவாட்டில் கடைப் பெயர் பெரிதாக இருக்கிறதே, உங்கள் சொந்தக்காரர் ஒருவர் மரியாதையாக வந்து, "சாமான் எல்லாத்தையும் பின்பக்கமாக் குடுத்திடுங்கோ," என்றார். சாமான் இல்லை, பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் பின்பக்கமாகவே போனேன். அங்கே பெரிய பானையில் காப்பி கலக்கிக்கொண்டிருந்த அம்மா ஒரு குவளை கொடுத்தார். குடித்துவிட்டு, சமையலறை வழியாக உள்ளே வந்து, உங்கள் காலடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பத்து பாகாட்காரர் கடைக்கு வந்தார். மதியம், கூட்டம் இல்லை, இயந்திரங்களை நிறுத்தியிருந்தேன். அந்த நேரத்தில் கடை எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருந்தவரைக்கும் அப்படி இருந்ததில்லை. நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"ஒரு எழுத்துகூடக் குறையல அண்ணே. வேணும்னா எண்ணிப் பாருங்க."

"எழுத்து குறையல. சொதி கெட்டுப் போச்சு."

"என்ன சொதி?"

"பத்து பாகாட்ல இருந்துக்கிட்டுச் சொதி தெரியாதா?"

"நம்ம வீட்டுல சாம்பார்தான் அண்ணே." அவர் சிரித்தார். "இப்ப யாரு படிச்சுச் சமைக்கிறா? எல்லாரும் வீடியோ பார்க்கிறாங்க."

"அப்படின்னா நல்லதாப் போச்சு. பக்கங்களை விட்டுடுங்க, நான் எடுத்துக்கிறேன்."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கங்கள் வழியாகத்தான் ஆட்கள் தேடி வந்து பொடி வாங்குகிறார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைக்கு அவர் பேசிய விலையில் பாதி அதற்குத்தான். இயந்திரம் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.

"நாலு மாசம் கழிச்சுச் சரி பண்ணிடலாம் அண்ணே," என்றார்.

நாலு மாதம் கழித்து என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட மறுநாள் என் குரல் அவருக்கு ஒரு பழைய கடைக்காரரின் குரல்தான். இப்போது பேசினால்தான் உண்டு.

"யாரு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமா வரி பிரிக்கிறது?" என்று கேட்டார். "ஆளுக்குக் கூலி?"

"நான் பிரிக்கிறேன்."

"எங்க உடைக்கணும்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை. சமைச்சுப் பார்த்துத்தான் பிரிக்கணும்."

கிண்டல் செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. துப்புரவு நிரலை இந்தப் பக்கங்களுக்கு மட்டும் நிறுத்தி வைப்பது தனி வேலை, ஆட்கள் பணம் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னார். உண்மைதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சொதியில் தொடங்கிவிட்டேன். நேற்றுப் பருப்பு. பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பில் நிற்கிறேன். கை ஒரு வேலையைச் செய்து முடித்து, அடுத்தது என்ன என்று தலை தானாக நிமிர்கிற இடம் ஒன்று வருகிறது. அங்கே அகப்பையை வைத்துவிட்டு வரியை முறிக்கிறேன், கடைசியில் இரண்டு வெற்று இடம் விட்டு. நீங்கள் முறித்த இடமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வேறு இடத்தில் என் தலை நிமிராது. முன்பு ஒரு மணி நேரத்தில் முடிகிற சமையலுக்கு இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒரு ஆளுக்குச் சமைப்பதில் அவசரம் என்ன இருக்கிறது. எல்லாப் பக்கங்களும் முடியும்போது நான் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சாப்பிட்டு முடித்திருப்பேன். உப்பைப் பற்றிச் சண்டை போட மட்டும் ஆள் வேண்டியிருக்கிறது.

பேசி முடித்ததையும் சொல்லிவிடுகிறேன், வியாபாரத்தில் உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. கடையும் பெயரும் மூன்று அரவை இயந்திரங்களும் அவருக்கு. பக்கங்களும் அவருடைய தளத்திலேயே இருக்கும். ஓடுகிற பத்திகளை அவர்கள் விருப்பம் போல ஓடவிடலாம். நிற்கிற வரிகளை யாரும் தொடக்கூடாது, துப்புரவு நிரல் அந்தப் பக்கமே வரக்கூடாது, அவரிடமிருந்து நாளைக்கு வேறு யார் வாங்கினாலும் இந்த நிபந்தனை கூடவே போகும். இது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறது. வரி பிரிப்பது என் வேலை, கூலி கிடையாது. இதற்காகப் பேசிய விலையில் எட்டாயிரம் வெள்ளி குறைத்துக்கொண்டேன்.